தாது வருஷத்து மாளிகை

கோட்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் சேலத்துச் சமவெளியில் பிறந்து வளர்ந்தவனுக்கு நினைவில் எழுவது சங்ககிரிதான். வெயிலில் காய்ந்து கிடக்கும் மேட்டுக்காடுகளுக்கு நடுவே தனித்து நிற்கிறது அந்தக் குன்று. ஒரு மதிலைக் கடந்தால் மற்றொரு மதில். ஒரு வாயிலைத் தாண்டினால் அதற்கு மேலே இன்னொரு வாயில். அழகுக்காக என்று அங்கே ஒரு கல்லும் வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. நாமக்கல் பாறையின் உச்சியில் தலைப்பாகை சுற்றியதுபோல் அமைந்திருக்கும் சிறு கோட்டையும் அதே இனத்தைச் சேர்ந்தது. அவை அச்சத்தால் எழுந்தவை, அல்லது பிறரை அச்சுறுத்துவதற்காக எழுந்தவை. எப்படியாயினும் அவற்றின் ஒவ்வொரு முழச் சுவருக்கும் ஒரு வேலை இருந்தது.

இப்படிப்பட்ட கோட்டைகளைக் கண்டு பழகிய கண்களோடு பெங்களூர் அரண்மனையின் முன்னால் போய் நின்றபோது எனக்கு ஏற்பட்ட திகைப்பை எப்படிச் சொல்வது? அங்கும் கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றின் உச்சியில், வில்லாளிகள் மறைந்து நின்று அம்பெய்வதற்கென்று ஐரோப்பியர் ஒருகாலத்தில் அமைத்த பல்வரிசை போன்ற கைப்பிடிச் சுவர்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கோபுரங்களை ஒட்டியே பெரிய பெரிய சாளரங்களும் இருக்கின்றன! ஒரு சிறுவன் கல்லெறிந்தாலே உடைந்து போகக்கூடிய கண்ணாடிச் சாளரங்கள். சுவரின்மேல் பசுங்கொடிகள் படர்ந்து கிடக்கின்றன. சுற்றிலும் அகழி இல்லை, புல்வெளிதான்.

என்னோடு வந்திருந்த மகள் வயிற்றுப் பேரன், பள்ளிக்கூடத்தில் வரலாறு படிக்கிற வயதுடையவன், அண்ணாந்து பார்த்துவிட்டு, "நன்னா, இந்தக் கோட்டையில யாரு யாரோட சண்டை போட்டாங்க?" என்று கேட்டான்.

யாரும் யாரோடும் சண்டையிடவில்லை என்பதே சரியான விடை. சண்டையெல்லாம் முடிந்து, தோற்றவர்கள் புதைக்கப்பட்டு, வென்றவர்கள் கணக்கு எழுதத் தொடங்கி முக்கால் நூற்றாண்டு கழிந்த பிறகு எழுந்த கோட்டை அது. அந்த விடையைப் பையனுக்குச் சொல்லிவிட்டேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் பல மாதங்கள் பிடித்தன. கிடைத்த நூல்களையெல்லாம் புரட்டிப் பார்த்ததில், இந்த மாளிகையின் கதையில் பாதி எங்கள் சேலத்துக் கதை என்பது விளங்கிற்று. அதைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அந்த மாளிகையின் பாணியைப் பற்றிச் சிறிது. ட்யூடர் பாணி என்று அதைக் குறிப்பிடுவர். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தை ஆண்ட ஓர் அரச மரபின் பெயர் அது. அந்தப் பாணிக்குத் தாய், ஐரோப்பாவின் பெருந்தேவாலயங்களில் காணப்படும் கோதிக் பாணி. உச்சியில் கூர்மையாய்க் குவியும் வளைவு, உயர்ந்தோங்கிய சாளரம், அதில் பதித்த வண்ணக் கண்ணாடி ஆகியவை கோதிக்கின் அடையாளங்கள். ரோமானியரின் உலகத்தை அழித்த காத்தியர் என்னும் முரட்டுக் கூட்டத்தாரின் பெயரை இத்தாலிய அறிஞர்கள் இகழ்ச்சியாகச் சூட்டப் போக, அதுவே நிலைத்துவிட்டது. ஆனால், லண்டன் நகரத்தின் புனித பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென், இந்தப் பாணியைச் 'சாரசன்' பாணி, அதாவது முஸ்லிம்களின் பாணி, என்று அழைப்பதே பொருத்தம் என எழுதிவைத்தார். அதில் சான்றில்லாமல் இல்லை. பிரான்சில் கோதிக்கின் பிறப்பிடமாகக் கருதப்படும் புனித டெனிஸ் ஆலயத்தின் பலிபீடப் பகுதி 1144-ஆம் ஆண்டு நிறைவுற்றது. கெய்ரோவில் இப்னு தூலூன் பள்ளிவாசல் 879-ஆம் ஆண்டிலேயே கூர்முனை வளைவுகளோடு எழுந்து நின்றுவிட்டது. இரண்டுக்கும் இடையே நேரடித் தொடர்பு எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் உண்டு. அதில் புகுந்து பெருமை தேட எனக்கு ஆசையில்லை. ஒரு வளைவின் வடிவம் பல கடல்களைக் கடந்து வந்து தக்காணத்து மேட்டுநிலத்தில் நிற்கிறது என்ற அளவில் விட்டுவிடுகிறேன்.

இனிக் கதைக்கு வருவோம்.

1792-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு இதே மார்ச்சில் காரன்வாலிசின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்திருந்தது. உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம் செலுத்த ஒப்புக்கொண்டார். அது வந்து சேரும்வரை தம் புதல்வர் இருவரைப் பிணையாக ஒப்படைத்தார். இருவரும் சிறுவர்கள். பிரிந்துபோன பாதியில் ஒரு துண்டுதான் பாராமகாலும் சேலமும். அலெக்சாண்டர் ரீட் என்ற படைத்தலைவர் எங்கள் முதல் கலெக்டராக வந்து, நிலத்தை அளந்து, வரி விதித்தார். அந்த ஒரு கையெழுத்தினால் சேலத்தான் சென்னை ராஜதானிக்காரன் ஆனான். அதுவரை அவனுக்கு அரசாங்கம் என்பது மைசூர்ப் பக்கம்தான்.

1799-இல் திப்பு ஷஹீதான பின் கும்பினியார் மைசூர் அரியணையில் பழைய உடையார் குலத்துக் குழந்தை ஒன்றை அமர்த்தினர். மூன்றாம் கிருஷ்ணராஜருக்கு அப்போது வயது ஐந்து. அவர் வளர்ந்து ஆண்டுகொண்டிருக்கையில், 1831-இல், நிர்வாகம் சீர்கெட்டது என்று காரணங்காட்டி அதிகாரத்தைப் பறித்து ஆங்கிலேய கமிஷனர்களிடம் ஒப்படைத்தனர். மன்னர் முப்பத்தேழு ஆண்டுகள் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்துப் பார்த்தார். ஆட்சி திரும்பவில்லை. 1865-இல் அவர் சுவீகாரம் எடுத்த குழந்தைதான் சாமராஜேந்திரர். 1868-இல் கிருஷ்ணராஜர் காலமானபோது அந்தக் குழந்தைக்கும் வயது ஐந்துதான். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு ஆங்கிலேயப் பாதுகாவலர் கைக்குப் போயிற்று. அவர்களில் ஒருவர் மாலிசன் என்ற கர்னல். இந்தியப் போர்களைப் பற்றிப் பல நூல்கள் எழுதிய சரித்திராசிரியர்.

இந்த இடத்தில்தான் நமது மாளிகை தலைகாட்டுகிறது. பெங்களூரில் ஜான் காரெட் என்ற வெஸ்லியன் பாதிரியார் ஒருவர் இருந்தார். 1858-இல் தொடங்கிய மத்திய உயர்நிலைப் பள்ளியின் முதல் தலைமையாசிரியர் அவர். அப்பள்ளியே பின்னர் சென்ட்ரல் கல்லூரியாக வளர்ந்தது. பகவத்கீதையைச் சமஸ்கிருதம், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் சேர்த்து 1849-ஆம் ஆண்டு பெங்களூரில் பதிப்பித்தவரும் அவரே. மதம் பரப்ப வந்தவர் கீதையை அச்சிட்டது எந்த எண்ணத்தோடு என்பது வேறு கேள்வி, உழைப்பு உழைப்புத்தான். அவருக்கு ஊருக்கு வெளியே ஒரு வீடும் விரிந்த நிலமும் இருந்தன. 1862-ஆம் ஆண்டையொட்டி அவர் கட்டத் தொடங்கியது அது என்பர். 1873-ஆம் ஆண்டு பாதுகாவலர்கள் இளவரசரின் சொந்தப் பணத்திலிருந்து நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து அதை வாங்கினார்கள். 1874-இல் வேலை தொடங்கிற்று, 1878-இல் முடிந்தது. லால்பாக்கின் பொறுப்பாளராக இருந்த ஜான் கேமரன் தோட்டத்தை வகுத்தார்.

மன்னர் சீமைக்குப் போய் வின்ட்சர் கோட்டையைக் கண்டு மயங்கி, அதேபோல் ஒன்று வேண்டுமென்று கட்டுவித்தார் என ஒரு கதை ஊரெங்கும் உலவுகிறது. கேட்க இனிமையான கதை. ஆனால் சாமராஜேந்திரர் பிறந்தது 1863. வேலை தொடங்கியபோது அவருக்கு வயது பதினொன்று. பதினொரு வயதுப் பிள்ளை எந்த வின்ட்சரைக் கண்டு மயங்கிற்று? மயங்கியவர்கள் வேறு யாரோ. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள், தமக்கு வீடு என்று பட்ட ஒரு வடிவத்தைப் பிள்ளையின் பணத்தில் பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அதில் வஞ்சகம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆங்கிலேயக் கனவானாக ஒருவனை வளர்க்க வேண்டுமானால் ஆங்கிலேய மாளிகையில்தானே வளர்க்க வேண்டும்!

அந்த மயக்கம் எங்கள் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசூரில், பிரெட் என்ற சேலம் கலெக்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோட்டை போன்றதொரு மாளிகையைக் கட்டி, கெனில்வொர்த் என்று இங்கிலாந்துக் கோட்டை ஒன்றின் பெயரையே அதற்குச் சூட்டினார். அது நிலைக்கவில்லை, இடிபாடாயிற்று. நிஜக் கோட்டைகளை வென்று முடித்தவர்களுக்குப் பொம்மைக் கோட்டைகளின் மேல் ஆசை பிறப்பது விந்தைதான்.

இவ்வளவும் படித்துவந்தபோது எனக்கு இது ஒரு வேடிக்கையான பழங்கதையாகவே தோன்றியது. 1874, 1878 என்ற இரண்டு எண்களையும் தாளில் எழுதிப் பார்த்த போதுதான் நெஞ்சு திடுக்குற்றது. அந்த நான்கு ஆண்டுகளுக்குள் அடங்கியிருப்பது தாது வருஷம் அல்லவா?

தாது வருஷத்துப் பஞ்சம் என்றால் எங்கள் பக்கத்தில் இன்றும் முதியவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். 1876-இல் இரண்டு பருவமழைகளும் பொய்த்தன. அடுத்து வந்த ஈசுவர வருஷத்தின் பெரும்பகுதியும் வறண்டே கழிந்தது. என் பாட்டியாருடைய தாயார் அதில் தப்பிப் பிழைத்தவர். அவர் சொன்னதைப் பாட்டியார் எங்களுக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கற்றாழைக் கிழங்கைப் பலமுறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டித் தின்றார்களாம். புளியங்கொட்டையை ஊறவைத்து இடித்து மாவாக்கினார்களாம். சப்பாத்திக்கள்ளிப் பழம் தீர்ந்தபின் கஞ்சித் தொட்டியைத் தேடி நடந்தார்களாம். நடந்தவர்கள் ஏழு பேர், திரும்பியவர்கள் இருவர். "அஞ்சு பேருக்கும் கபன் கிடையாது, கபுறும் கிடையாது" என்று பாட்டியார் சொல்லி முடிப்பார். சோற்றில் ஒரு பருக்கை சிந்தினாலும் அவர் கோபிப்பதன் காரணம் சிறுவயதில் எங்களுக்குப் புரிந்ததில்லை.

பாட்டியின் கதையை மிகையென்று தள்ளுவோருக்காகக் குடிக்கணக்கு இருக்கிறது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் எல்லாம் ஒன்றாயிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தனர். 1881-இல் அது 16 லட்சமாகக் குறைந்திருந்தது. பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய ஊர், மூன்றரை லட்சத்துக்கும் மேலாகச் சுருங்கிற்று. மைசூர் நாட்டில் இன்னும் கொடுமை: 50 லட்சத்து 55 ஆயிரமாக இருந்த மக்கள் 41 லட்சத்து 86 ஆயிரமாயினர். திப்புவின் காலத்தில் ஒரே நாடாக இருந்து, 1792-இல் கோடு கிழித்துப் பிரிக்கப்பட்ட இரு நிலங்களையும் பஞ்சம் வேறுபாடு பாராமல் ஒன்றாகவே வாரிக்கொண்டு போயிற்று.

வைசிராய் லிட்டன் பிரபு டில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தது 1877 சனவரி முதல் தேதி. அதே மாதத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்சப் பிரதிநிதியாகத் தென்னாட்டுக்கு வந்தார். செலவு மிகுதி என்று கண்டு, நிவாரண வேலையில் உழைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் அரையணாக் காசும் கொடுத்தால் போதும் என்று முடிவு கட்டினார். நாள் முழுவதும் கல்லுடைக்கும் ஒருவனை ஒரு ராத்தல் தானியத்தில் உயிரோடு வைத்திருக்க முடியாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எழுத்து மூலமே போராடினார். ஆங்கிலேயர் அனைவரும் ஒரே மனத்தினர் அல்லர் என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

பாதிரியாரின் வீட்டுக்குக் கொடுத்த நாற்பதாயிரம் ரூபாய் எத்தனை அரையணா என்று ஓர் இரவு கணக்கிட்டுப் பார்த்தேன். ரூபாய்க்கு முப்பத்திரண்டு; ஆக, பன்னிரண்டு லட்சத்து எண்பதாயிரம். இந்தக் கணக்கு நியாயமானதல்ல என்று ஒருவர் வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். வீடு வாங்கியது பஞ்சத்துக்கு மூன்றாண்டு முன்னர். மழை பொய்க்கும் என்று அன்று யாருக்குத் தெரியும்? வேலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தினால் அங்கே கல்லும் மரமும் செதுக்கியவர்களின் கூலியும் அல்லவா நின்றிருக்கும்? இதெல்லாம் சரியே. ஆயினும், வெளியே சாலையோரங்களில் மனிதர்கள் விழுந்துகொண்டிருந்த அதே மாதங்களில், சாளரத்துக்கு எந்த வண்ணக் கண்ணாடி பொருத்தம் என்று யாரோ நின்று யோசித்திருக்கிறார்கள் என்பதை என்னால் மறக்கக் கூடவில்லை.

பஞ்சத்துக்காக மைசூர் நாட்டின் பெயரில் வாங்கப்பட்ட கடன் ஒன்றும் உண்டு. 1881 மார்ச்சு 25-ஆம் நாள் பதினெட்டு வயது சாமராஜேந்திரரிடம் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தபோது, அதோடு சேர்த்து இந்திய சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய 80 லட்சம் ரூபாய்க் கடனையும் கொடுத்தார்கள். அவருக்குத் திவானாக வந்தவர் ரங்காச்சார்லு, தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அரண்மனைக் கணக்குகளை 1868 முதல் மேற்பார்த்து வந்த அவர், மைசூரில் ஆங்கிலேயர் நடத்திய நிர்வாகத்தைக் கண்டித்து 1874-ஆம் ஆண்டு ஒரு சிறு நூல் வெளியிட்டார். மாளிகையின் வேலை தொடங்கியதும் அதே ஆண்டுதான். மன்னரும் திவானும் சேர்ந்து 1881-லேயே பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார்கள். சுதேச சமஸ்தானங்களில் அதுவே முதலாவது. அந்நியர் கட்டிய மாளிகையில் அந்நியர் வளர்த்த பிள்ளை தம் குடிகளை மறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1894-இல் கல்கத்தாவில் தொண்டை அடைப்பான் நோயால் அவர் மறைந்தபோது வயது முப்பத்தொன்றுதான்.

பெங்களூரில் இன்னோர் அரண்மனை இருக்கிறது. பழைய கோட்டைக்குள் ஹைதர் அலி 1781-இல் தொடங்கி, திப்பு 1791-இல் முடித்த தேக்குமர மாளிகை. தூண்களும் வளைவுகளும் உப்பரிகைகளும் மரமே. முற்றுகைக்கு உட்பட்ட ஆண்டிலேயே அது நிறைவெய்தியது என்பதை எண்ணும்போது உள்ளம் கனக்கிறது. ஆங்கிலேயர் அதனை இடிக்கவில்லை. 1868 வரை தங்கள் அரசுச் செயலகமாக அதைப் பயன்படுத்திவிட்டு, அட்டாரா கச்சேரி என்ற புதிய செங்கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தனர். தேக்கு மாளிகை காலியானதற்கும் பாதிரியாரின் வீட்டை வாங்கியதற்கும் இடையே ஐந்தே ஆண்டுகள். ஓர் இளவரசரைக் குடியமர்த்த ஒரு மாளிகை வேண்டுமென்று தேடியவர்களுக்கு அது நினைவுக்கு வந்திருக்குமா? வந்திருந்தாலும், அதன் சுவர்கள் பிள்ளைக்குச் சொல்லித் தரக்கூடிய பாடத்தை அவர்கள் விரும்பியிருக்க மாட்டார்கள்.

கோதிக் மாளிகை 2005-ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்தால் பாடம் செய்யப்பட்ட பிரமாண்டமான யானைத் தலை. படியேறினால் தர்பார் மண்டபம். ஒரு பக்கம் முழுவதும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். மாலை வெயில் அதன் வழியே விழும்போது உண்மையிலேயே கண்ணைப் பறிக்கிறது. கீழே கருங்கல் இருக்கைகளும் நீல ஓடுகளும் அமைந்த முற்றம். ரவிவர்மா ஓவியங்கள். சுவரெங்கும் புகைப்படங்கள்: வேட்டை, பட்டமேற்பு, திருமணம். ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பஞ்சகாலத்தில் சென்னைப் பக்கத்தில் எடுத்த புகைப்படங்கள் உலகப் பெயர் பெற்றவை. எலும்பும் தோலுமாய்க் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு காமிராவைப் பார்க்கும் அந்த முகங்களில் ஒன்றையாவது, அதே ஆண்டுகளில் எழுந்த இந்தச் சுவர்களில் எங்கேனும் மாட்டியிருப்பார்களா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. செவியில் மாட்டிக்கொண்ட கருவி ட்யூடர் அரசர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து புல்வெளியில் அமர்ந்தோம். சுற்றிலும் நானூற்றைம்பது ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். அதில் கலியாணங்கள் நடக்கின்றன, பொருட்காட்சிகள் நடக்கின்றன, உலகப் புகழ்பெற்ற பாட்டுக் கோஷ்டிகள் வந்து காது செவிடுபட முழக்குகின்றன. 1996-இல் கர்நாடக அரசு மாளிகையையும் நிலத்தையும் எடுத்துக்கொள்ளச் சட்டம் இயற்றிற்று. இழப்பீடு 11 கோடி ரூபாய். அரச குடும்பத்தார் எதிர்த்து வழக்காட, அது உச்ச நீதிமன்றம்வரை சென்று கால் நூற்றாண்டுக்கும் மேலாக இழுபட்டது. இதற்கிடையில் ஓரத்துச் சாலைகளை அகலப்படுத்தப் பதினைந்து ஏக்கர்போல நிலம் தேவைப்பட, அதற்கு ஈடான வளர்ச்சி உரிமைகளை வழங்குமாறு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த உரிமைகளின் மதிப்பு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் என்று கணக்கிட்டு, அவ்வளவு கொடுக்க இயலாதென்று அரசு 2025-இல் ஓர் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

"நாப்பதாயிரத்துக்கு வாங்கின வீடா?" என்று பேரன் வாயைப் பிளந்தான். ஆமாம் என்றேன். கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்குப் போக ஆட்டோ பிடித்தோம். அகலப்படுத்துவதற்கு இத்தனை வழக்கு நடக்கும் அதே ஜெயமகால் சாலையில், முன்னும் பின்னும் அசையாமல், அரைமணி நேரம் நின்றோம்.